ரன்னுன்னா ஓடுறது மட்டுமில்ல: நம்ம 'ஓடு'வ வச்சே 'ரன்' படிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்க அக்கா மக நர்சிங் முடிச்சுட்டு இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனா. போன ரெண்டாவது வாரமே ஒரு நாள் ராத்திரி போன் போட்டு அழுதா. வார்டுல வயசான ஒரு தாத்தா இவகிட்ட "ஐ'வ் காட் த ரன்ஸ்"ன்னு சொல்லிருக்காரு, இவ அவரு ஏதோ ஓட்டப் பயிற்சிக்குப் போறாரு போலன்னு நெனச்சு சிரிச்ச முகமா "வெரி குட்"ன்னு சொல்லிட்டா. அவரு முகம் சுண்டிப் போச்சு. பக்கத்துல நின்ன சீனியர் நர்ஸ்தான் இவள தனியா கூட்டிட்டுப் போயி, த ரன்ஸ்ன்னா வயித்துப்போக்கு, அவருக்கு ராத்திரி முழுக்க போயிட்டே இருக்குன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. "சித்தி, ரன்னு ஒண்ணாங்கிளாஸ்ல படிச்ச வார்த்தை சித்தி, அதுல போயி தப்பு பண்ணிட்டேனே"ன்னு ஒரே அழுகை.

அவ மேல ஒரு தப்பும் இல்ல. நமக்கு ஸ்கூல்ல "ரன்னுன்னா ஓடு"ன்னு ஒரே ஒரு அர்த்தத்த எழுதிப் போட்டுட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிட்டாங்க. நான் பாளையங்கோட்டையில பெருமாள்புரம் பக்கம் வீட்டுல வச்சு சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேன், வெளிநாடு போற நர்ஸ் பிள்ளைக, கப்பல் வேலைக்குப் போற பையங்க, பேங்க் இன்டர்வியூவுக்குத் தயாராகுற ஆளுகன்னு எல்லாரும் வாராங்க, அத்தன பேரும் சறுக்குற இடம் பெரிய பெரிய வார்த்தை இல்ல, இந்த மாதிரி சின்ன வார்த்தைதான். அதனால அன்னைக்கு ராத்திரி அவளுக்கு போன்ல சொல்லிக் குடுத்தத, பொறவு கிளாஸ்ல பல தடவ சொல்லிச் சொல்லி சரி பண்ணுனத, இங்கன முழுசா எழுதுதேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஒரு நோட்டு பேனா எடுத்து வச்சுக்கோங்க.

மொதல்ல இது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு தெரிஞ்சுக்கோங்க. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில 1989-ல வந்த ரெண்டாம் பதிப்புல 'செட்'ங்குற வார்த்தைக்குத்தான் எல்லாத்தையும் விட நீளமான விளக்கம் இருந்துச்சு. அதுக்குப் பொறவு திருத்தி எழுதும்போது 'ரன்' அத முந்திருச்சு, 2011-ல வந்த கணக்குப்படி வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம். நீராவி இஞ்சின் வந்துச்சு, அதுக்கு ரன். ரயில் வந்துச்சு, கரண்டு வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு, ஒவ்வொண்ணும் வரும்போது இங்கிலீஷ்காரங்க புது வார்த்தை தேடாம இந்த ஒண்ணையே எடுத்துப் போட்டுக்கிட்டாங்க.

645-ஐயும் மனப்பாடம் பண்ணணுமான்னு பயப்படாதீங்க. நான் கண்டுபிடிச்ச வழி என்னன்னா, நம்ம தமிழ்ல இருக்கிற 'ஓடு'வும் கிட்டத்தட்ட இதே வேலையத்தான் பாக்கு. பாதி ரன்னு உங்களுக்கு ஏற்கனவே தெரியும். எங்க ரெண்டும் ஒண்ணாப் போகுது, எங்க பிரியுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டா போதும், தப்பு பூராவும் அந்தப் பிரியுற இடத்துலதான் நடக்கு.

படி 1: உங்க ஓடுவ மொதல்ல எழுதுங்க

கிளாஸ்ல மொத நாள் நான் இங்கிலீஷே பேச மாட்டேன். ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்து, 'ஓடு' வர்ற மாதிரி வீட்டுல பேசுற வாக்கியம் எல்லாத்தையும் எழுதச் சொல்லுவேன். முதல் அஞ்சு நிமிசம் நாய் ஓடுது, பய ஓடுதான்னு எழுதிட்டு பேனாவ கடிச்சுட்டு இருப்பாங்க, பொறவு கொட்டும் பாருங்க. ஆறு ஓடுது, பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, வயலுக்கு மோட்டார் ஓடுது, படம் நூறு நாள் ஓடிச்சு, கடை நல்லா ஓடுது, ஆட்டோ மீட்டர் ஓடுது, வட்டி ஓடுது, சீட்டு ஓடிட்டு இருக்கு, டிவில என்ன ஓடுது, மண்டையில ஒண்ணும் ஓடல, நாள் ஓடிப் போச்சு, அந்தப் பிள்ள ஓடிப் போயிட்டா. ஒரு கல்லூரிப் பொண்ணு எங்க ஆச்சி சொல்லுவாங்கன்னு "ரெண்டு வேளை கஞ்சியில குடும்பம் ஓடுது"ன்னு எழுதிட்டு வந்தா.

இப்ப அந்த லிஸ்ட்ட இங்கிலீஷ்ல மாத்திப் பாருங்க. ஆறு, பஸ், மிஷின், படம், மீட்டர் இதெல்லாம் நேரா ரன்தான். "த தாமிரபரணி ரன்ஸ் ஃப்ரம் த பொதிகை ஹில்ஸ் டு த சீ", "த ஃபேன் இஸ் ரன்னிங்", "த ஃபிலிம் ரேன் ஃபார் எ ஹண்ட்ரட் டேஸ்". எதுவும் மாத்த வேண்டாம்.

ஆனா இதுலயே ஒரு சின்ன கண்ணி இருக்கு. நாம 'ஓடுது'ன்னாலும் 'ஓடிட்டு இருக்கு'ன்னாலும் ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல "இஸ் ரன்னிங்" போட்டுருவோம். எப்பவும் உள்ளதுக்கு ரன்ஸ், இப்ப இந்த நிமிசம் நடக்கிறதுக்குத்தான் இஸ் ரன்னிங். தாமிரபரணி ஊருக்குள்ள ஓடுறது என்னைக்கும் உள்ளது, அதனால "ரன்ஸ்". மாடியில மோட்டார் இப்ப ஓடுது, அதனால "த மோட்டார் இஸ் ரன்னிங்". ஜங்ஷனுக்கு பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் உண்டுன்னா "பஸஸ் ரன் எவ்ரி டென் மினிட்ஸ்", இங்க ஐ.என்.ஜி. போட்டா கேக்குறவங்களுக்கு இன்னைக்கு மட்டும் அப்படி விட்டிருக்காங்க போலன்னு தோணும்.

இன்னொண்ணு, அசையாத சாமானும் இங்கிலீஷ்ல ஓடும். ரோடு, சுவர், வயர், பைப்பு, ரயில் தண்டவாளம், மலைத்தொடர் எல்லாம். நாம "ரோடு ஆத்துப் பக்கமா போகுது"ன்னு சொல்லுதோம்ல, அந்த 'போகுது'வுக்கு அவங்க ரன் போடுவாங்க. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேக்க 1843-ல கட்டுன சுலோச்சன முதலியார் பாலம் இருக்குல்லா, அதுக்கு மேல போற ரோட்ட "த ரோடு ரன்ஸ் ஓவர் த பிரிட்ஜ்"ன்னு சொல்லலாம். யாருக்காவது வழி சொல்லும்போது இது ரொம்ப உதவும்.

படி 2: ஓடு, ஓட்டு ரெண்டையும் ஒரே வார்த்தையில பாக்கப் பழகுங்க

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி, அவசரப்படாம பைய படிங்க.

தமிழ்ல தானா நடந்தா ஓடு, நாம நடக்க வச்சா ஓட்டு. கடை ஓடுது, கடைய ஓட்டுதேன். தன்வினை பிறவினைன்னு தமிழ் ஐயா சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கும், ஆடு ஆட்டு, உருள் உருட்டு அந்த மாதிரி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ரன் ஒண்ணுதான். ஆனா ஒரு காலத்துல அவங்களும் நம்மள மாதிரி ரெண்டு வச்சிருந்தாங்க! பழைய இங்கிலீஷ்ல 'ரின்னன்'னு ஒண்ணு இருந்துச்சு, அது நம்ம ஓடு, ஆறு ஓடுறதுக்கும் அதுதான். அதே வேர்ல இருந்து வந்த 'ஆர்னன்'னு இன்னொண்ணு இருந்துச்சு, அது நம்ம ஓட்டு பக்கம். காலப்போக்குல ரெண்டும் கலந்து ஒரே ரன் ஆயிருச்சு. இத நான் மொதல் தடவ படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோசம், ஏன்னா இத்தன நாளா பிள்ளைகளுக்கு ஏன் கொழப்பம் வருதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நாம இன்னும் ரெண்டா வச்சிருக்கோம், அவங்க ஒண்ணாக்கிட்டாங்க, அவ்வளவுதான் விசயம்.

சரி, எல்லா 'ஓட்டு'க்கும் ரன் போடலாமான்னா கூடாது. எங்கிட்ட படிச்ச ஒரு பையன், அவங்க அப்பா மினிபஸ் டிரைவர். இன்டர்வியூவுல அப்பா என்ன பண்ணுறாருன்னு கேட்டதுக்கு "மை ஃபாதர் ரன்ஸ் எ பஸ்"ன்னு சொல்லிருக்கான். கேட்டவரு "ஓ, எத்தன பஸ் இருக்கு உங்களுக்கு"ன்னு கேக்க, இவனுக்கு ஒண்ணும் புரியாம முழிச்சுட்டு வந்துட்டான். ரன்ஸ் எ பஸ்ன்னா பஸ் விடுற முதலாளி. ஸ்டீயரிங் பிடிக்கிறவரு "டிரைவ்ஸ் எ பஸ்". இதுக்கு நான் குடுக்கிற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு, 'ஓட்டுதாரு'ங்குற இடத்துல 'நடத்துதாரு'ன்னு மாத்திப் போட்டுப் பாருங்க, பொருத்தமா வந்தா ரன், வரலன்னா டிரைவ். பைக்கு சைக்கிள்னா ரைடு, பிளேன்னா ஃப்ளை.

அல்வா கடை நடத்துறது, டியூஷன் நடத்துறது, லாட்ஜ் நடத்துறது, பீடிக் கம்பெனி நடத்துறது, சங்கம் நடத்துறது எல்லாம் ரன். "ஷி ரன்ஸ் எ ஸ்மால் ஹல்வா ஷாப் நியர் த டெம்பிள்." வீட்ட நிர்வாகம் பண்ணுறதுக்கும் ரன்தான், "மை மதர் ரன்ஸ் த ஹவுஸ்". இந்த வாக்கியத்த மட்டும் நான் எல்லாப் பிள்ளைகளையும் சொல்ல வைப்பேன். இன்டர்வியூவுல அம்மா என்ன பண்ணுறாங்கன்னு கேட்டா, தல குனிஞ்சு "ஒன்லி ஹவுஸ் ஒய்ஃப்"ன்னு சொல்லுறத விட இது எவ்வளவு கம்பீரமா இருக்குன்னு சொல்லிப் பாருங்க.

ரன்னே வரக்கூடாத 'ஓட்டு'வும் நம்மகிட்ட நிறைய இருக்கு. பிரெண்ட்ஸ் சேந்து ஒருத்தன ஓட்டுறாங்கன்னா "தே ஆர் டீசிங் ஹிம்". பொழுத ஓட்டுறதுன்னா "பாஸிங் த டைம்". கடையில ஆள் வராம ஈ ஓட்டிட்டு இருக்கான்னா நேரா "பிசினஸ் இஸ் வெரி ஸ்லோ". அதே மாதிரி "கடை ஓடல"ங்குறதுக்கு "த ஷாப் இஸ் நாட் ரன்னிங்"ன்னு சொன்னா கடைய பூட்டிட்டாங்கன்னு நெனச்சுக்குவாங்க, "த ஷாப் இஸ் நாட் டூயிங் வெல்"ன்னு சொல்லுங்க.

படி 3: தீர்ந்து போறதுக்கு ரன் அவுட்

நாம தினமும் சொல்லுறது, சீனி தீந்து போச்சு, கேஸ் தீந்து போச்சு, டாப்அப் தீந்து போச்சு. இத நம்ம ஊருல எல்லாரும் "சுகர் இஸ் ஓவர்", "கேஸ் காட் ஃபினிஷ்ட்"ன்னுதான் சொல்லுதோம், இங்க எல்லாருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு நொடி யோசிக்கணும். ரெண்டு அச்சு இருக்கு, ரெண்டையும் பிடிச்சுக்கோங்க. ஆள வச்சு ஆரம்பிச்சா "வி'வ் ரன் அவுட் ஆஃப் கேஸ்", இதுல 'ஆஃப்' கட்டாயம். சாமான வச்சு ஆரம்பிச்சா "த கேஸ் ஹாஸ் ரன் அவுட்", இதுல 'ஆஃப்' வரவே வராது. "கேஸ் ஹாஸ் ரன் அவுட் ஆஃப்"ன்னு சொல்லுறவங்களதான் அதிகமா பாக்கேன்.

தீரப்போகுது, இன்னும் கொஞ்சம் போல இருக்குன்னா "வி ஆர் ரன்னிங் லோ ஆன் கேஸ்". பத்தாக்குறையா இருக்குன்னா "ரன்னிங் ஷார்ட் ஆஃப்". நர்ஸ் பிள்ளைகளுக்கு இது உயிர் காக்கிற வித்தியாசம், ஆக்சிஜன் சிலிண்டர் "ரன்னிங் லோ"ன்னா இன்னும் மாத்த நேரம் இருக்கு, "ரன் அவுட்"ன்னா இல்ல. நேரத்துக்கும் இதே கதைதான், "வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்". கோடையில கெணறு குளம் வத்துறதுக்கு "த வெல் ஹாஸ் ரன் டிரை".

இங்க ரன், ரேன், ரன்னுங்குற மூணு வடிவத்தையும் ஒருக்கா வாய்விட்டுச் சொல்லிருங்க. நேத்து நடந்தா ரேன், ஹேவ் ஹாஸ் ஹேட் கூட வந்தா திரும்பவும் ரன். "ஐ ஹேவ் ரேன்" கெடையவே கெடையாது. கிரிக்கெட் ரன் அவுட்டுக்கும் தீந்து போறதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல, அது ஓடும்போது அவுட் ஆகுறது.

படி 4: உடம்பு

நர்ஸ் பிள்ளைக இந்தப் பகுதிய ரெண்டு தடவ படிங்க, மத்தவங்களும் டாக்டர்கிட்ட பேச உதவும்.

மூக்கு ஒழுகுறதுக்கு "மை நோஸ் இஸ் ரன்னிங்" இல்லன்னா "ஐ ஹேவ் எ ரன்னி நோஸ்". காய்ச்சல் அடிக்கிறதுக்கு "ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்", நாம அடிக்கிதுன்னு சொல்லுற மாதிரி அவங்க ஓடுதுன்னு சொல்லுதாங்க. ரெண்டு நாளா அடிக்கின்னா நம்ம ஆளுக எல்லாம் "ஐ ஆம் ரன்னிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்"ன்னு சொல்லுவோம், அத "ஐ'வ் பின் ரன்னிங் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ்"ன்னு மாத்திக்கோங்க. எங்க அக்கா மக மாட்டுன "த ரன்ஸ்" வீட்டுப் பேச்சு, கேக்கத் தெரியணும், ஆனா கேஸ் ஷீட்டுல எழுதும்போது டயரியான்னுதான் எழுதணும். "ரன் டவுன்"ன்னு ஒரு நோயாளி சொன்னா வண்டி இடிச்சுதோன்னு பதறாதீங்க, "ஐ'ம் ஃபீலிங் ரன் டவுன்"ன்னா ஓஞ்சு போயி தெம்பில்லாம இருக்கேன்னு அர்த்தம்.

டெஸ்ட் எடுக்கிறதுக்கு "வி நீட் டு ரன் சம் டெஸ்ட்ஸ்". ட்ரிப்ஸ நாலு மணி நேரத்துக்கு ஓட விடுங்கன்னு நம்ம ஊரு சிஸ்டர்களும் சொல்லுதாங்கல்லா, அதேதான் அங்கயும், "ரன் இட் ஓவர் ஃபோர் அவர்ஸ்". சில இடத்துல ரெண்டு மொழியும் இப்படி அப்படியே கைகோத்துக்கிட்டு நிக்கிறத பாக்கும்போது மனசுக்கு நெறவா இருக்கு. சுகர், பிரஷர் மாதிரி பரம்பரையா வர்றதுக்கு "டயபடீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி". நோய்க்கு மட்டும் இல்ல, பாட்டு, கைப்பக்குவம், கோவம் எதுக்கும் சொல்லலாம்.

ரன்னியிலயே இன்னொண்ணு, சமையல். ஆஃப்பாயில்ல மஞ்சக்கரு உடைஞ்சு ஓடுதுல்ல, அது "ரன்னி யோக்". சாம்பார் தண்ணியா போச்சுன்னாலும் "த சாம்பார் இஸ் டூ ரன்னி".

படி 5: பின்னால ஒட்டுற குட்டி வார்த்தைக

இங்கதான் ரன்னு முழுசா வேற ஆளா மாறுது. எல்லாத்தையும் சொல்ல மாட்டேன், ஆபீஸ்லயும் ரோட்டுலயும் உண்மையிலேயே காதுல விழுறது மட்டும்.

ரன் இண்டு. நெல்லை ஜங்ஷன்ல எதேச்சையா பழைய டீச்சர பாத்தேன்னா "ஐ ரேன் இண்டு மை ஓல்டு டீச்சர் அட் த ஜங்ஷன்". ஆனா பின்னால மரம், சுவர், லாரின்னு வந்தா மோதுறது, "த ஆட்டோ ரேன் இண்டு எ ட்ரீ". பின்னால பிரச்சனைன்னு வந்தா சிக்கல்ல மாட்டுறது. அடுத்து வர்ற சொல்ல வச்சுத்தான் அர்த்தம்.

ரன் ஓவர். இதுல கவனம் வேணும். ஆளு மேல வண்டி ஏறுறதுக்கு "ஹி வாஸ் ரன் ஓவர் பை எ லாரி". அதே ரன் ஓவர் மீட்டிங் நேரம் தாண்டிப் போறதுக்கும் வரும், "த மீட்டிங் ரேன் ஓவர்". பால் பொங்கி வழியுறதுக்கும் சிலபேர் சொல்லுவாங்க, ஆனா அதுக்கு "பாயில்டு ஓவர்"தான் பொருத்தம். "லெட்ஸ் ரன் ஓவர் த பாயிண்ட்ஸ்"ன்னா ஒருக்கா எல்லாத்தையும் பாத்துருவோம்னு அர்த்தம். ரன் த்ரூவும் இதே பக்கம்தான், ஆண்டு விழா நாடகத்துக்கு மொத நாள் ஒரு ஒத்திகை பாப்போம்ல, அது ஒரு "ரன் த்ரூ".

ரன் பை. சென்னையில ஒரு கம்பெனியில நான் வேலை பாத்தப்ப மேனேஜர் "ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்"ன்னு மெயில் போட்டாரு, நான் அவருகிட்ட ஓடிப் போயி குடுக்கணும் போலன்னு வெரசா பிரிண்ட் எடுத்துட்டு நின்னேன். எங்கிட்ட மொதல்ல காட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்கன்னு அர்த்தம் அது. ஐ.டி. ஆபீஸ்ல இது இல்லாம ஒரு நாள் போகாது, அதனால இத கண்டிப்பா எழுதி வச்சுக்கோங்க.

ரன் டவுன். உடம்புக்கு மேலயே சொல்லிட்டேன். பேட்டரி எறங்கிப் போறதுக்கும், பழைய வீடு சிதிலமாக் கெடக்குறதுக்கும், ஒருத்தர மட்டந்தட்டிப் பேசுறதுக்கும் கூட இதுதான், "டோண்ட் ரன் ஹிம் டவுன்".

ரன் அப். கடையில பற்று வரவு வச்சு வச்சு கடன் ஏத்துறது, "ஹி ரேன் அப் எ பிக் பில்". நம்ம வட்டி ஓடுறதுக்கு பக்கத்துல வர்றது இதுதான். நடுவுல கோடு போட்டு பெயர்ச்சொல்லா வந்தா, ஒரு பெரிய நாளுக்கு முந்துன நாட்கள், "இன் த ரன்-அப் டு பொங்கல்", பாத்திரக்கடையிலயும் துணிக்கடையிலயும் கூட்டம் நெருக்கி நிக்கும்ல அந்த நாட்கள்.

கடைகண்ணிக்குப் போறது, பேங்குக்குப் போறது, மாவு அரைக்கக் குடுக்கப் போறதுன்னு சில்லறைச் சோலி பாத்துட்டு வர்றதுக்கு "ரன்னிங் எரண்ட்ஸ்". எலக்ஷன்ல நிக்கிறதுக்கு அமெரிக்காவுல "ரன் ஃபார்", இங்கிலாந்துல நம்மள மாதிரியே நிக்கிறதுதான், "ஸ்டாண்ட் ஃபார்". நம்ம பேப்பர்கள்ல வர்றது கண்டெஸ்ட். தலைமறைவா திரியுறவன் "ஆன் த ரன்". போகப்போகத்தான் தெரியும்னு சொல்லுவோம்ல, அந்த 'போகப்போக'வுக்கு "இன் த லாங் ரன்".

துணிக்கடையில நிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணு. வெளிநாட்டு ஆளு சேலையப் பிடிச்சுப் பாத்து "வில் த கலர் ரன்?"ன்னு கேட்டா, சாயம் எறங்கி மத்த துணியில ஒட்டுமான்னு கேக்காங்க. நாம சாயம் போகும்னு ஒரே வார்த்தையில ரெண்டையும் சொல்லிருவோம், வெளுத்துப் போறது ஃபேடு, மத்ததுல ஒட்டுறது ரன். மொதல்ல உப்புத் தண்ணியில தனியா அலசுங்கன்னு பதில் சொல்லணும்னா எந்தப் பிரச்சனைன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்.

படி 6: நாமளே உண்டாக்குன ரன்னிங்

ரன்னிங்குங்குறத நாம தமிழாவே ஆக்கிட்டோம், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, வீட்டுல தாராளமா பேசலாம். வெளிய போகும்போது மட்டும் கழட்டி வைக்க வேண்டியது சிலது இருக்கு. ரன்னிங் பஸ்ல ஏறாதலேன்னு சொல்லுதோம், வெளிய அது "மூவிங் பஸ்". ரன்னிங் ரைட்டிங்க "கர்சிவ்"னு சொல்லணும். ரன்னிங் ரேஸுக்கு வெறும் "ரேஸ்" போதும், ஓடாம என்ன ரேஸ். வயசு கேட்டா இருபத்தொண்ணு நடக்குன்னு சொல்லுற பழக்கத்துல "ட்வென்டி ஒன் ரன்னிங்"ன்னு சொல்லிருவோம், அங்க முடிஞ்ச வயசு மட்டும்தான், "ஐ'ம் ட்வென்டி". விசா ஃபார்ம், மெடிக்கல் ஃபார்ம் எழுதும்போது இதுல ஒரு வருசம் தப்பாப் போனா அலைய வேண்டியதாப் போயிரும்.

தப்பில்லாததும் இருக்கு. கைப்பிடி, பைப்புக்கு விலை சொல்லும்போது வர்ற ரன்னிங் ஃபீட் கட்டட வேலையில எல்லா ஊருலயும் உள்ளதுதான். ரயில்வேயில வண்டி ஓட்டுற லோகோ பைலட், முன்ன கார்டுன்னு சொன்ன டிரெயின் மேனேஜர் எல்லாரையும் ரன்னிங் ஸ்டாஃப்னுதான் சொல்லுதாங்க, அவங்க வெளியூருல எறங்கிப் படுத்து எந்திக்கிற எடம் ரன்னிங் ரூம், அந்த சம்பளத்துல ரன்னிங் அலவன்ஸ்னு தனியா ஒண்ணு உண்டு. ரயில்வே பரீட்சை எழுதுற பையங்க இதத் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

படி 7: ஓடு போற இடத்துக்கெல்லாம் ரன் வராது

போன ஆனித் திருவிழா சமயம், நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தன்னைக்கு ஒரு பையன் ரத வீதியில நின்னுக்கிட்டு துபாய்ல இருக்கிற அவன் கம்பெனி ஆளுக்கு மெசேஜ் எழுதப் போயி எனக்குப் போன் போட்டான். "அக்கா, தேர் ஓடுதுக்கு த கார் இஸ் ரன்னிங் போடலாமா?" பின்னால வடம் பிடிக்கிறவங்க சத்தம் கேக்குது, மேளம் கேக்குது, இவனுக்கு இந்தச் சந்தேகம். போடாதன்னு சொன்னேன். கார் ஓடுதுன்னு படிச்சா அந்த ஆளுக்கு இஞ்சின் வச்ச காருதான் கண்ணுல நிக்கும். தேருக்கு கார்னும் ஒரு பேரு உண்டு, நம்ம ரத வீதிகளுக்கே இங்கிலீஷ்ல கார் ஸ்ட்ரீட்டுன்னுதான் போர்டு, புதுசா வர்றவங்க அங்க கார் விக்கிற கடை இருக்கும்னு நெனைக்கிறத நான் பாத்திருக்கேன். தேர் தானா ஓடுறது இல்ல, ஊரே சேந்து இழுக்கு, அதனால அவங்க மொழியில இழுக்கிறதத்தான் சொல்லணும். "தௌசண்ட்ஸ் ஆஃப் பீப்பிள் ஆர் புல்லிங் த டெம்பிள் சாரியட் த்ரூ த ஸ்ட்ரீட்ஸ்." அவன் அப்படியே எழுதி அனுப்பிட்டான். நமக்கு அது தேரோட்டம்தான், அந்த 'ஓட்டம்' இங்கிலீஷ்ல வரலன்னா அதுக்காக தேர் நின்னுறப் போறதில்ல.

இதே மாதிரி மண்டையில ஒண்ணும் ஓடலன்னா "மை மைண்ட் ஹாஸ் கான் ப்ளாங்க்". ஆனா ஒரே யோசனையா ஓடிட்டு இருக்குன்னா "இட் கீப்ஸ் ரன்னிங் த்ரூ மை மைண்ட்", இதுல ரன் வரும், பாத்துக்கோங்க. நாள் ஓடிப் போச்சுன்னா நாள் பறக்கும், "டைம் ஃப்ளூ". டிவில என்ன ஓடுதுன்னா "வாட்'ஸ் ஆன் டிவி?". வீட்ட விட்டு ஓடிப் போனதுக்கு "ரேன் அவே", கல்யாணம் பண்ணிக்க ஓடிப் போனாங்கன்னா "தே எலோப்ட்".

படி 8: பயிற்சி

ஒரு வாரம் போதும். தெனமும் காலையில எந்திச்சதுல இருந்து உங்க வாயில வர்ற, காதுல விழுற ஓடு, ஓட்டு, தீந்து போச்சு, நடத்துது, ஒழுகுது இந்த அஞ்சையும் பிடிச்சு நோட்டுல எழுதுங்க. பக்கத்துலயே ரன் வருமா வராதான்னு ஒரு டிக், ஒரு கிராஸ். அகராதியப் பாக்குறது ராத்திரி, பகல்ல வேண்டாம், பகல்ல யோசிக்கணும். வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்புல அரை மணி நேரம் நின்னா பத்து வாக்கியம் கெடைக்கும்.

ஆரம்பிக்க நாலு தாரேன். மதினி தையல் கடை நடத்துதாங்க. பஸ் இருவது நிமிசம் லேட்டா ஓடுது. எங்க வீட்டுல பால் தீந்து போச்சு. அண்ணாச்சி லாரி ஓட்டுதாரு, சொந்த லாரி இல்ல.

மூணு ரன், ஒரு டிரைவ். "மை சிஸ்டர்-இன்-லா ரன்ஸ் எ டெய்லரிங் ஷாப்." "த பஸ் இஸ் ரன்னிங் ட்வென்டி மினிட்ஸ் லேட்." "வி'வ் ரன் அவுட் ஆஃப் மில்க்." கடைசிய நீங்களே சொல்லிப் பாருங்க, படி ரெண்டுல உள்ள அளவுகோல எடுத்து வச்சா நிமிசத்துல வந்துரும்.